பழைய வேட்டியும் குதிகால் ரத்தமும்

ராஜபாளையம்,
கார்த்திகை, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் நாகஜோதிக்கு அப்பா சங்கிலிப்பாண்டி எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சௌந்தரபாண்டியனும் உன் வயித்துல இருக்கிற சின்ன ஆளும் அந்தக் குளிர் தேசத்துல ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தினமும் கும்பிடுறேன். இங்கே நாங்க எல்லாரும் சுகம். இந்தச் சுகம்ங்கற சொல்லை இத்தனை வருசமா கடுதாசியில யோசிக்காம எழுதிப் பழகினவன், இன்னைக்குத்தான் பேனாவைக் கீழே வச்சுட்டு எந்திரிச்சுப் போய், உங்க அக்காளையும் அவ பெத்த பேரனையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்து எழுதுறேன். ரெண்டு பேரும் தூங்குறாங்க. சுகம்தான்.

அன்னைக்கு நான் போன்ல, நாங்க அனுப்பின பார்சல் வந்தா பிரிக்காதே, வீட்டுக்குள்ளேயே கொண்டு போகாதேன்னு உன்கிட்ட கத்தினேன்ல. நீ சிரிச்சே. என்னப்பா உள்ளே வெடிகுண்டா வச்சிருக்கீங்கன்னு கேட்டே. உங்க அம்மா வெள்ளத்தாய் பக்கத்துல நின்னு கண்ணை உருட்டுறா, சிக்னல் சரியில்லம்மான்னு சொல்லிப் போனை வச்சுட்டேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு, நான்தான் சரியில்லை. அக்கா பிள்ளைக்கு லேசா மஞ்சக்காமாலை வந்துச்சு, காலை வெயில்ல காட்டினோம், போயிருச்சுன்னு உன்கிட்ட சொன்னது பாதி நிஜம். மீதியைப் புள்ளத்தாச்சிப் பிள்ளைகிட்ட சொல்லக்கூடாதுன்னு உங்க அம்மா உத்தரவு. நானும் பேசாமத்தான் இருந்தேன். ஆனா இது மறைக்கிற விசயம் இல்லை தாயி, உனக்குத் தெரிஞ்சே ஆகணும், ஏன்னு படிச்சுட்டு வரும்போது உனக்கே புரியும். போன்ல சொன்னா பாதியில உங்க அம்மா பிடுங்கிருவா. அதான் அவ ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து எழுதுறேன். முதல்ல ஒண்ணு சொல்லிருதேன், பேரன் பிழைச்சுட்டான், நல்லா இருக்கான், பால் குடிக்கிறான், அவங்க ஐயாவை மாதிரியே எட்டு வீட்டுக்குக் கேக்குற மாதிரி கத்துறான். அதை மனசுல வச்சுக்கிட்டு மத்ததைப் படி.

அக்கா காளீஸ்வரிக்குப் பிரசவத்தைத் தனியார் ஆஸ்பத்திரியில பார்க்கணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னது உனக்குத் தெரியும். தலைப்பிரசவம், ஏசி ரூம்ல நடந்தாத்தான் ஜவுளிக்கடையில கூட வேலை பார்க்கிறவன் முன்னால எனக்குக் கௌரவம்னு நினைப்பு. அதுக்கு உங்க அத்தான் லிங்கேஸ்வரன், மாசாமாசம் பதிஞ்சு பார்த்த எடத்தை விட்டுட்டு எதுக்கு மாமா வேற எடம்னு ஒரே பிடியா ஸ்ரீவில்லிபுத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிட்டார். எனக்குக் கோவம்தான், வெளியே போய் நின்னு பால்கோவா வாங்கித் தின்னு கோவத்தைத் தீர்த்துக்கிட்டேன். பிள்ளை சுகமாப் பிறந்தான். கிளம்புறதுக்கு முந்தி ஒரு நர்ஸம்மா வந்து பிள்ளையோட குதிகால்ல ஊசியால ஒரு குத்து, ரத்தத்தைச் சொட்டுச் சொட்டா ஒரு தடிச்ச காகிதத்துல வச்சு எடுத்துச்சு. அவன் வீல்னு அலறுறான். எனக்குப் பொறுக்கலை, பச்சப்பிள்ளை ரத்தத்தை எடுத்து என்னம்மா செய்யப் போறீங்க, இதுலயும் ஆதார் கார்டு போடுறீங்களான்னு கேட்டுட்டேன். அந்த நர்ஸம்மா சிரிச்சுக்கிட்டே, பிறவியிலேயே ரத்தத்துல வர்ற கோளாறு எதுவும் இருக்கான்னு பார்க்கிறது ஐயா, வெளியே பண்ணினா செலவு, இங்கே அரசாங்கமே பார்த்துத் தருதுன்னு சொல்லுச்சு. நான் விடலை. எங்க வம்சத்துல அப்படி ஒரு கோளாறும் கிடையாது, என்னைப் பாரு, இந்த வயசுலயும் பேல் துணி மூட்டையைத் தோள்ல தூக்குறேன்னு நெஞ்சை நிமித்திக் காட்டினேன். அந்த நெஞ்சை நினைச்சா இப்போ எனக்கே சிரிப்பா வருது.

வீட்டுக்கு வந்தோம். பேர் விடுற வரைக்கும் பிள்ளைக்குப் புதுத்துணி போடக் கூடாது, பெரியவங்க உடுத்தின பழந்துணியிலதான் சுத்தணும்ங்கற நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். உங்க அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து என்னோட பழைய வேட்டியை எல்லாம் எடுத்தா. துவைச்சுத் துவைச்சுப் பஞ்சு மாதிரி ஆன வேட்டி. அதை நாலாக் கிழிச்சு மடிச்சு, அதுலதான் பிள்ளை படுக்கை, அதுலதான் போர்வை, தொட்டிலும் என் வேட்டிதான். பெட்டியில துணி எப்படி இருக்கும்னு உனக்குச் சொல்லணுமா. கடைக் கோடவுன்ல பூச்சிக்குப் போடுற அந்துருண்டை நம்ம வீட்டுல சோத்துப் பானையைத் தவிர எல்லாத்துலயும் கிடக்கும், நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் பையிலகூடப் போட்டு வச்சு, உன் சிநேகிதிங்க எல்லாம் மூக்கைப் பொத்தினாங்கன்னு வந்து அழுதியே. அந்த வாசனை வந்தாத்தான் துணி சுத்தம்னு எனக்கு ஒரு நம்பிக்கை. பிள்ளையைத் தூக்கினா அந்துருண்டை வாசம் அடிக்கும், ஏலே கடைக்கார வாசம் வருதுடா உனக்கு, பெரிய ஜவுளி முதலாளி ஆகப் போறேன்னு நான் கொஞ்சுறேன். உனக்கு வர்ற பார்சல்லயும் அதே வேட்டிதான், அதே உருண்டைதான். கடல் தாண்டிப் போறதாச்சே, பூச்சி வந்துரக் கூடாதுன்னு ரெண்டு கை அள்ளிப் போட்டேன்.

பிள்ளைக்குக் கண்ணுல மஞ்சள் ஏறுச்சு. எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான்னு காலையில வெயில்ல காட்டினோம். அப்போ ஒரு நாள் எனக்கு ஒரு போன். ஒரு பையன் பேசுறான், ஐயா நாங்க ரத்தப் பரிசோதனை நிலையத்துல இருந்து பேசுறோம், உங்க பேரப்பிள்ளையோட குதிகால் ரத்தத்துல ஒரு குறை தெரியுது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, பிள்ளை மஞ்சளா இருக்கானா, பால் குடிக்கிறானான்னு கேக்குறான். நம்மளை யாரு ஏமாத்த முடியும், போன்ல வர்ற திருட்டுப் பயலுகளைப் பத்தித்தான் டிவியில தினம் சொல்லுதாங்களே. நான் குரலை மாத்திக்கிட்டு, ஓடிபி எதுவும் வந்திருக்காடா தம்பி, பேங்க் நம்பர் வேணுமா, எந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு இந்தத் தொழில் பண்ணுறே, உங்க ஐயா உன்னை இதுக்கா பெத்தார்னு ஒரு பிடி பிடிச்சேன். அவன் ஐயா ஐயான்னு கெஞ்சுறான். வச்சுட்டேன். மறுபடியும் அடிச்சான், நம்பரை பிளாக் பண்ணிட்டேன். பண்ணிட்டு, பக்கத்து வீட்டுப் பால்ச்சாமியைக் கூப்பிட்டு, பிள்ளை பிறந்த விசயம் வரைக்கும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஏமாத்துறானுங்கய்யா, நான் எப்படி மடக்கினேன் பாருன்னு பெருமை வேற அடிச்சேன். நாகஜோதி, அந்தப் பையன் ஒரு உசுரைக் காப்பாத்தத் தவிச்சுக்கிட்டு இருந்திருக்கான், நான் அவனோட அப்பனை இழுத்துப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னைக்கே சாயங்காலத்துக்குள்ள சுகாதார நர்ஸ் ஏசம்மாள் வண்டியை வாசல்ல போட்டுட்டு ஓடியாந்தாங்க. பரிசோதனை நிலையத்துல இருந்து அடிச்சா உங்க போன் ஏன் போகமாட்டேங்குதுன்னு அவிய கேட்டதும் நான் போனைச் சட்டைப்பைக்குள்ள தள்ளினேன். உள்ளே வந்து பிள்ளையோட காலைப் பிரிச்சுப் பார்த்தாங்க. உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். நாங்க முகத்தை மட்டும்தான் பார்த்துக்கிட்டு இருந்திருக்கோம். பிள்ளை பால் குடிக்கிறானான்னு கேட்டதுக்கு அக்கா, இன்னைக்குச் சமத்தாத் தூங்கிக்கிட்டே இருக்கான்னு சொன்னா. அது தூக்கம் இல்லம்மா, கிளம்புங்கன்னாங்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டோவுல போனது எனக்கு ஞாபகமே இல்லை, வன்னியம்பட்டி விலக்கு ரோட்டுல அத்தான் ஓடி வந்து ஏறினது மட்டும் ஒரு படம் மாதிரி நிக்குது. அங்கே பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரம்மா எலினான்னு பேரு, சின்ன வயசுதான், பிள்ளையைக் கையில வாங்கினவுங்க சட்டுன்னு நிமிர்ந்து, இது என்ன வாசனைன்னு கேட்டாங்க. நான் முந்திக்கிட்டு, அந்துருண்டைம்மா, துணி எல்லாம் ரொம்பச் சுத்தம்னு சொன்னேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. அந்தத் துணியை எல்லாம் உருவித் தூரப் போடச் சொல்லிட்டு, பிள்ளையை நீல விளக்குக்குக் கீழே படுக்க வச்சாங்க. ரத்தம் பார்த்தா பாதிக்கு மேல குறைஞ்சு கிடக்கு. பொறவு ஆம்புலன்ஸ்ல மதுரை. அங்கே பிள்ளை உடம்புல இருந்த ரத்தத்தை எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்துனாங்க. அவன் உடம்பே என் முழங்கை நீளம்தான் தாயி, அதுல ஒரு பக்கம் ரத்தம் வெளியே போகுது, ஒரு பக்கம் உள்ளே வருது. நான் கண்ணாடிக் கதவுல நெத்தியை வச்சுக்கிட்டு நின்னேன். கும்பிடக்கூடத் தோணலை.

விசயம் என்னன்னா, ஜி-சிக்ஸ்-பி-டின்னு ஒண்ணு, கேட்டா நம்ம ஊரு மினிபஸ் நம்பர் மாதிரி இருக்கும். ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணுவைக் காப்பாத்துற ஒரு சத்தாம் அது. சில ஆம்பிளைப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அது குறைச்சல். சும்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. அந்துருண்டை வாசம், சில மாத்திரை மருந்து, சில பயறு, இது பட்டா ரத்தம் பொலபொலன்னு உடைஞ்சு மஞ்சள் ஏறி, மூளைக்கே போயிருமாம். எதை எதை ஒதுக்கணும்னு தெரிஞ்சுட்டா ஆயுசு பூரா மத்தவங்களைப் போலவே இருக்கலாமாம். தெரியுறதுக்குத்தான் அந்தக் குதிகால் குத்து. எல்லா ஊருக்கும் இன்னும் வரலையாம், ஒவ்வொரு எடமாத்தான் அரசாங்கம் கொண்டு வருதாம். நான் சொன்ன ஏசி ரூம்ல பிறந்திருந்தா அந்தக் குத்து இருந்திருக்குமோ இருந்திருக்காதோ, எனக்குத் தெரியாது. அத்தான்கிட்ட நான் இன்னும் அதைப் பேசலை, அவரும் பெருந்தன்மையா கேக்கலை. கேட்டிருந்தா தேவலைன்னு இருக்கு.

அதிர்ச்சி இத்தோட முடிஞ்சிருந்தா நான் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். மதுரையில இருந்து திரும்பி வந்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அத்தானோட அம்மா, சம்பந்தியம்மா இசக்கியம்மாளும் வந்திருந்தாங்க. இது தாய் வழியா வர்றதுன்னு டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், எங்க பக்கத்துல இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லம்மான்னு அவிய சத்தமாச் சொல்லிட்டாங்க. அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. பெத்து ரத்தம் காயலை, அவளைக் குத்தவாளி மாதிரி நிக்க வச்சாச்சு. நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டரம்மா என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தவுங்க, உங்க கண்ணு ஏன் ஐயா மஞ்சளா இருக்கு, குடிப்பீங்களான்னு கேட்டாங்க. அப்படிக் கேளுங்கம்மா, நானும் இருபது வருசமா இதைத்தான் கேக்குறேன், குடிக்கலைன்னு சாதிக்கிறார்னு உங்க அம்மா முந்திக்கிட்டா. கடையில எனக்கு மஞ்சக்கண்ணுன்னே பட்டப்பேர் இருக்கிறது உனக்குத் தெரியாது, நான் உங்ககிட்ட எல்லாம் சொன்னதில்லை. சத்தியமாக் குடிச்சதில்லைம்மான்னு சொன்னேன். என்ன வேலைன்னு கேட்டாங்க, ஜவுளிக் கோடவுன்னு சொன்னேன். என் ரத்தத்தையும் எடுத்தாங்க.

எனக்கும் இருக்கு, நாகஜோதி. பேரனுக்கு இருக்கிறது அப்படியே எனக்கும் இருக்கு. இந்த வயசு வரைக்கும் அந்துருண்டைக்கு நடுவுல உட்கார்ந்து, உள்ளே கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் உடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. வம்சத்துல ஒண்ணும் கிடையாதுன்னு நெஞ்சை நிமித்தினவன்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. கேட்டதும் நான் முதல்ல செஞ்சது என்ன தெரியுமா, சம்பந்தியம்மா முன்னாடி போய் நின்னு, எம்மா, என் மகளை ஒண்ணும் சொல்லாதீங்க, சரக்கு என் கடைச் சரக்குன்னேன். அவியளுக்கே சிரிப்பு வந்துருச்சு. அக்கா சிரிக்கலை, என் கையைப் பிடிச்சுக்கிட்டா. உங்க அம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தோசம், இருபது வருசச் சந்தேகம் தீர்ந்துச்சு. ஆனாலும் மன்னிப்புக் கேக்கலை, குடிக்காதவருக்கு எதுக்கு ஆயுத பூசை அன்னைக்கு அம்புட்டு லேட்டுன்னு புதுசா ஆரம்பிச்சிருக்கா.

இப்போ உன் விசயம். அப்பனுக்கு இருந்தா எல்லா மகளுக்கும் அது போயே தீருமாம். மகளுக்குப் பெரும்பாலும் தொந்தரவு பண்ணாதாம், ஆனா அவ பெறுற ஆண் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படின்னா உன்கிட்டயும் இருக்கு தாயி. உன் வயித்துல இருக்கிறது ஆணோ பொண்ணோ எங்களுக்குத் தெரியாது, எதுவா இருந்தாலும் நீ அங்கே டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். அங்கேயும் குதிகால்ல குத்துவாங்களாம், ஆனா எதை எதைத் தேடுறதுங்கறது நாட்டுக்கு நாடு மாறுமாம், அதனால இதையும் பாருங்கன்னு நீ வாய் திறந்து கேக்கணும், வெட்கப்படாதே. பிறந்த உடனேயே பார்க்கச் சொல்லு. மஞ்சள் வந்தா முகத்தை மட்டும் பார்க்காதே, உள்ளங்காலைப் பாரு. சமத்தாத் தூங்குதுன்னு சந்தோசப்படாதே, எழுப்பிப் பால் கொடு. அங்கே கடையில பெரிய பெரிய மொச்சை மாதிரி ஒரு பயறு விப்பாங்களாம், பச்சையாவும் டப்பாவுலயும் வருமாம், அதை நீயும் தொடாதே. எந்த மாத்திரை எழுதினாலும் இதைச் சொல்லிட்டு வாங்கு. பார்சல் வந்திருந்தா மாப்பிள்ளையை விட்டு அப்படியே குப்பையில போடச் சொல்லு, வேட்டி போனாப் போகுது. உன் மாமியார் வீட்டுல யாராவது எந்தப் பக்கத்துச் சங்கதின்னு கேட்டா என் பேரைச் சொல்லு.

இன்னும் ஒண்ணு இருக்கு, இது உங்க அம்மாவுக்கும் நான் இன்னும் சொல்லலை. உங்க குடும்பத்துல ஆண் பிள்ளை யாரும் பிறந்து இறந்திருக்காங்களான்னு டாக்டரம்மா கேட்டப்போ இல்லைன்னு சொல்லிட்டேன். பஸ்ல திரும்பி வரும்போதுதான் மண்டையில அடிச்ச மாதிரி ஞாபகம் வந்துச்சு. எங்க அம்மா இருளம்மாளுக்கு எனக்கு முந்தி ரெண்டு ஆண் பிள்ளை. ரெண்டும் பேர் விடுறதுக்கு முந்தியே மஞ்சள் பூத்துச் செத்துப் போச்சு. மகாராஜபுரத்துல அவளோட புருசன் வீட்டுக்காரங்க, இவ பால்ல விசம் இருக்குன்னு முடிவு கட்டிட்டாங்க. நான் பிறந்ததும் அவகிட்ட ஒரு வாய் குடிக்க விடலை, அடுத்த தெருவுல பிள்ளை பெத்திருந்த ஒரு பொம்பளைகிட்டத்தான் என்னைக் கொண்டு போய்ப் பால் குடிக்க வச்சாங்களாம். நான் பிழைச்சேன். பிழைச்சது அவ பாலைக் குடிக்காததாலதான்னு ஊரே சொல்லுச்சு, அவளும் நம்பிட்டா. நீயும் அக்காளும் பிறந்தப்போ உங்களை அவ மடியில வாங்கவே இல்லை. நிலைப்படியில நின்னு பார்த்துட்டுப் போயிருவா. பெரியவளான பொறவு, அப்பத்தா என்னைத் தூக்கினதே இல்லை, அக்காளையும் தூக்கினதில்லை, அவளுக்குப் பொட்டப்பிள்ளைன்னா ஆகாதுன்னு நீ கோவிச்சுக்குவே. நானும் அப்படித்தான்மா நினைச்சேன். அவ உங்களைப் பிடிக்காம நிக்கலை, உங்களுக்காகப் பயந்து நின்னிருக்கா. மறுபடி போய் டாக்டரம்மாகிட்ட இதைச் சொன்னேன். இத்தனை வருசம் கழிச்சு உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா இதுவா இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், பாலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னாங்க. ஒரு சம்பந்தமும் இல்லையாம். நான் ஆஸ்பத்திரி வாசல்ல வேப்பமரத்துக்குக் கீழே நின்னு அழுதேன். அதையும் பார்த்துட்டு ஒரு ஆள், பெரிசு காலையிலேயே போட்டுருச்சுன்னு சொல்லிட்டுப் போறான்.

அவதான் உசுரோட இல்லையே, அவகிட்டப் போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை. அதனால உன்கிட்டச் சொல்றேன். உனக்குப் பிள்ளை பிறந்து, ஆணா இருந்து, அவனுக்கும் இது இருந்தாலும், நீ ஒரு நிமிசம்கூட உன்னைக் குத்தம் சொல்லிக்காதே. தைரியமா மடியில போட்டுக்கோ, வயிறாரப் பால் கொடு. உங்க அம்மா வர்ற சத்தம் கேக்குது, பையை வாசல் திண்டுல வைக்கிறா, முடிச்சுக்கிறேன். மாப்பிள்ளைக்கு எங்க விசாரிப்பு. நீங்க மூணு பேரும் நூறு வருசம் நோய் நொடி இல்லாம, உள்ளங்கால் சிவக்கச் சிவக்க நடந்து வாழணும். இந்தக் கடுதாசி கிடைச்சதும் டாக்டர்கிட்ட நாள் வாங்கிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. அந்த ரத்தப் பரிசோதனைப் பையன் நம்பரை பிளாக்ல இருந்து எடுத்து, போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை ஐயா, எல்லாரும் அப்படித்தான் திட்டுறாங்க, நாங்க மறுபடி மறுபடி போன் அடிப்போம்னான்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
மூ. சங்கிலிப்பாண்டி